எத்தனை ‘ஏ’? – ஒரு கேள்வியும் பல பொய்களும்



சென்ற வாரம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நம் கலந்துரையாடலைப் பார்க்கத் தவறியவர்கள் இருக்கிறீர்கள். பார்த்துவிட்டு, “நல்ல இடத்தில் நேரம் முடிந்துவிட்டதே” என்று குறைப்பட்டுக் கொண்டவர்களும் இருக்கிறீர்கள். இரு தரப்பினருக்காகவும் அன்று பேசியதையும் பேச முடியாமல் போனதையும் இங்கே எழுதுகிறேன்.

அன்றைய தலைப்பு, ‘பிள்ளைகளின் வெற்றி: ஊக்கமா, அழுத்தமா?’ என்பது. நிகழ்ச்சி முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது அரங்கின் பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். “கண்டிச்சு வளர்க்கலன்னா பிள்ளைங்க கெட்டுப் போயிடும். கண்டிச்சா அழுத்தம் கொடுக்கிறோம்னு சொல்றீங்க. அப்போ நாங்க என்னதான் செய்யணும்?” என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. பதில் சொல்ல நேரமில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தாய்க்கான பதில்.

பதிலுக்குப் போவதற்கு முன் ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சியில் இதன் பாதியைத்தான் சொல்ல முடிந்தது.

மார்க்கம் நகரில் ஒரு வீடு

கனடாவில் டொரொண்டோவுக்கு வடக்கே மார்க்கம் என்று ஓர் ஊர். இலங்கைத் தமிழர்கள் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோவை ஒட்டிய பகுதி. அங்கே வளர்ந்தவர் ஜெனிஃபர் பான். 1986இல் பிறந்தவர்.

அவருடைய பெற்றோர் வியட்நாமிலிருந்து அகதிகளாகக் கனடாவுக்குப் போன சீன வம்சாவளியினர். தந்தை போனது 1979ஆம் ஆண்டு. அந்தக் காலத்து வியட்நாம் அகதிகள் நமக்கு அந்நியர்கள் அல்லர். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறிய பல்லாயிரம் பேர் நம் திரெங்கானு கடலில் இருக்கும் பீடோங் தீவில்தான் முதலில் கரை ஒதுங்கினார்கள். எல்லாவற்றையும் இழந்துவிட்டு, பூஜ்யத்திலிருந்து தொடங்கிய தலைமுறை அது.

ஜெனிஃபரின் தாயும் தந்தையும் கார் உதிரிப் பாகங்கள் செய்யும் நிறுவனத்தில் வேலை செய்தார்கள். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேமித்தார்கள். 2004 வாக்கில் இரண்டு கார் நிறுத்தும் அளவுக்குப் பெரிய வீடு வாங்கிவிட்டார்கள். தாங்கள் பட்ட பாட்டுக்கெல்லாம் பிள்ளைகளின் படிப்புதான் பலன் என்று நினைத்தார்கள். தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த நம் தாத்தா பாட்டியை நினைத்துப் பாருங்கள். அதே மனசுதான்.

ஜெனிஃபருக்கு நான்கு வயதில் பியானோ வகுப்பு. பிறகு பனிச்சறுக்கு நடனப் பயிற்சி. எட்டாம் வகுப்பு முடியும்போது பள்ளியின் சிறந்த மாணவி தான்தான் என்று நம்பியிருந்தார். பெயர் அறிவிக்கப்படவில்லை. அந்த ஏமாற்றத்தை வீட்டில் பேசவும் முடியவில்லை.

அடுத்த ஆண்டு புள்ளிகள் குறைந்தன. குறைந்தன என்றால் தோல்வி இல்லை, சராசரியாக எழுபதுகளில் வாங்கினார். நம் ஊரில் பல வீடுகளில் கேக் வெட்டிக் கொண்டாடக்கூடிய புள்ளிதான். ஆனால் அந்த வீட்டில் ‘ஏ’யைத் தவிர வேறு எழுத்து செல்லாது. பழைய தேர்ச்சி அறிக்கை, கத்தரிக்கோல், பசை, போட்டோஸ்டேட் இயந்திரம், இவற்றை வைத்து எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ வாங்கியதாக ஒரு போலி அறிக்கையை அந்தச் சிறுமி தயாரித்தாள். பெற்றோர் நம்பினார்கள், மகிழ்ந்தார்கள். அடுத்த தவணைக்கும் அப்படியே செய்ய வேண்டியதாயிற்று.

பள்ளி இறுதியாண்டில் அப்போது ரயர்சன் என்று பெயர் கொண்டிருந்த பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. கணிதப் பாடம் ஒன்றில் தோற்றதால் அந்த இடம் பறிபோனது. அதையும் வீட்டில் சொல்லவில்லை. உபகாரச் சம்பளம் கிடைத்திருப்பதாகச் சொன்னார். பழைய பாடப் புத்தகங்களை வாங்கி அடுக்கினார். காலையில் பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுப் போய், பொது நூலகத்தில் உட்கார்ந்து, இணையத்தைப் பார்த்துக் குறிப்பேடுகளை நிரப்பினார். படிக்காத படிப்புக்குக் குறிப்பு! உணவகத்தில் வேலை செய்தும் பியானோ சொல்லிக் கொடுத்தும் கைச்செலவுக்குச் சம்பாதித்தார்.

அப்பாவுக்கு மகள் மருந்தியல் படிக்க வேண்டும் என்று ஆசை. ஆகவே டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் மருந்தியலுக்கு மாறிவிட்டதாக அடுத்த பொய். வாரத்தில் மூன்று நாள் தோழியின் வீட்டில் தங்குவதாக இன்னொரு பொய். தங்கியது பெற்றோர் ஏற்காத காதலனின் வீட்டில். பட்டமளிப்பு விழா வந்தபோது, கூட்டம் அதிகம், பெற்றோருக்கு நுழைவுச் சீட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்.

சிறுவர் மருத்துவமனை ஒன்றில் தொண்டூழியம் செய்வதாகச் சொன்ன இடத்தில்தான் பொய் உடைந்தது. மகளிடம் சீருடையும் இல்லை, அடையாள அட்டையும் இல்லையே என்று பெற்றோருக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நாள் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனார்கள். எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. பள்ளிப் படிப்பே முழுமையாக முடியவில்லை.

தந்தை வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார். தாய் அழுது கெஞ்சி மகளை வீட்டில் இருக்க வைத்தார். அதன் பிறகு வீட்டில் கட்டுக்காவல். கைப்பேசி, மடிக்கணினி பறிக்கப்பட்டன. கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதுகூடக் கணக்குப் பார்க்கப்பட்டது. காதலனைச் சந்திக்கக் கூடாது என்று தடை. அப்போது அவருக்கு இருபது வயதுக்கு மேலாகிவிட்டது.

2010ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி இரவு மூன்று பேர் துப்பாக்கியோடு அந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள். தாய் சுட்டுக் கொல்லப்பட்டார். முகத்தில் குண்டடி பட்ட தந்தை உயிர் பிழைத்தார். கொள்ளையர்கள் என்று முதலில் நம்பப்பட்டது. மயக்கம் தெளிந்த தந்தை, வந்தவர்களில் ஒருவனோடு மகள் மெல்லப் பேசிக் கொண்டிருந்ததைப் பார்த்ததாகப் போலீசாரிடம் சொன்னார். இரண்டு வாரத்தில் மகள் கைதானார்.

2014 டிசம்பரில் ஜெனிஃபரும் அவருடைய காதலன் உட்பட மேலும் மூவரும் குற்றவாளிகள் என ஜூரிகள் முடிவு செய்தனர். 2015 ஜனவரியில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு, கொலைக் குற்றச்சாட்டில் ஜூரிகளுக்குத் தரப்பட்ட விளக்கம் போதவில்லை என்று ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் கூறி, அந்தக் குற்றச்சாட்டுக்கு மட்டும் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் கனடாவின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தந்தையைக் கொல்ல முயன்ற குற்றத்துக்கான தீர்ப்பு அப்படியே நின்றது. மகள் தம்மோடு எந்தத் தொடர்பும் வைத்துக் கொள்ளக் கூடாது என்று அந்தத் தந்தை நீதிமன்றத்தில் கேட்டுக் கொண்டார். ஒரு குடும்பம் அத்தோடு முடிந்தது.

பொய் எப்படி வளர்கிறது?

இதைப் படிக்கும்போது, “அது ராட்சசப் பிள்ளை, நம் வீட்டில் அப்படியெல்லாம் நடக்காது” என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குற்றம் குற்றம்தான். கண்டிப்பான வீடுகளில் வளர்ந்த கோடிக்கணக்கான பிள்ளைகள் யாரையும் தொட்டதில்லை. பெற்றோர் கண்டித்தார்கள் என்பது கொலைக்குச் சமாதானம் ஆகாது. உயிரிழந்த ஒரு தாயையும் குண்டடி பட்ட ஒரு தந்தையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை.

ஆனால் கொலை நடந்த இரவை விட்டுவிட்டு, முதல் போலி அறிக்கை தயாரான நாளைப் பாருங்கள். அந்த நாள் எந்த வீட்டிலும் வரக்கூடியது.

அன்று அந்தச் சிறுமி உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திட்டு விழுந்திருக்கும். ஒரு வாரம் வீடு கலகலப்பில்லாமல் இருந்திருக்கும். அவ்வளவுதான். மூன்று ஆண்டு கழித்துச் சொல்லியிருந்தால், புள்ளி குறைந்ததோடு மூன்று ஆண்டு ஏமாற்றியதும் சேர்ந்திருக்கும். பல்கலைக்கழகப் பொய்க்குப் பிறகு சொல்வதென்றால் தன் வாழ்க்கையே பொய் என்று சொல்ல வேண்டும். வட்டிக்குக் கடன் வாங்கியவர்களுக்கு இது புரியும். முதல் மாதம் கட்டியிருந்தால் ஐம்பது வெள்ளி. தள்ளிப் போடப் போட, கடைசியில் வீட்டையே விற்றாலும் அடையாது. பொய்யும் அப்படித்தான். முதல் நாளில் அதை ஒப்புக்கொள்வது மலிவு. ஒவ்வொரு நாளும் விலை ஏறுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பொய்க்குப் பரிசு கிடைக்கிறது. அப்பா சிரிக்கிறார், அம்மா பிடித்ததைச் சமைக்கிறார், சொந்தக்காரர்களிடம் பெருமையாகப் பேசுகிறார்கள். பிள்ளைக்குப் புரிவது என்ன? “இவர்கள் நேசிப்பது அந்த அறிக்கையில் இருக்கும் மகளை. என்னை இல்லை.” அதற்குப் பிறகு அந்தக் காகித மகளைக் காப்பாற்றுவதே முழுநேர வேலையாகிவிடுகிறது.

பொய் வன்முறையாக மாறுவது உண்மை வெளிவரும் தறுவாயில், அல்லது வெளிவந்த பிறகு எல்லாக் கதவும் மூடப்படும்போது. அந்த நேரத்தில் பிள்ளையின் கண்ணுக்குப் பெற்றோர் பெற்றோராகத் தெரிவதில்லை. தன் வழியை அடைத்து நிற்கும் சுவராகத் தெரிகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அந்தச் சுவரை இடிக்கப் போவதில்லை. தங்களையே வருத்திக் கொள்கிறார்கள். சிங்கப்பூரில் 2016இல் 11 வயதுச் சிறுவன் ஒருவன் அரையாண்டுத் தேர்வு முடிவைப் பெற்றோரிடம் காட்ட வேண்டிய நாளில் தன் உயிரை மாய்த்துக் கொண்டான். அதைப் படித்த நாளில் எத்தனையோ பெற்றோர் தூங்கியிருக்க மாட்டார்கள்.

அதட்டாத வீட்டிலும் நடந்தது

“அப்படியானால் கண்டிப்புதான் காரணமா?” என்று கேட்கலாம். இல்லை என்பதற்குப் பிரான்சு நாட்டில் ஒரு சாட்சி இருக்கிறது.

ஜான் குளோட் ரோமான் என்பவர் 1954இல் பிறந்தவர். அவர் வளர்ந்த வீட்டில் அடி, உதை, அதட்டல் என்ற பேச்சே இல்லை. ஆனால் அம்மா சுலபத்தில் மனம் நொந்து போகிறவர். ஆகவே அம்மாவுக்குக் கவலை தரும் எதையும் சொல்லக் கூடாது என்று சிறுவயதிலிருந்தே பழகியவர் மகன். லியோன் நகரில் மருத்துவம் படிக்கும்போது இரண்டாம் ஆண்டின் ஒரு தேர்வுக்குப் போகவில்லை. வீட்டில் தேர்ச்சி பெற்றதாகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை பதினெட்டு ஆண்டுகள் நீண்டது.

ஜெனிவாவில் உலக சுகாதார நிறுவனத்தில் மருத்துவராக வேலை செய்வதாக ஊரை நம்ப வைத்தார். திருமணம் செய்தார், இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். தினமும் காலையில் காரை எடுத்துக்கொண்டு போய்க் கார் நிறுத்துமிடங்களிலும் காட்டுப் பாதைகளிலும் பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் திரும்பினார். சுவிட்சர்லாந்து வங்கியில் முதலீடு செய்வதாகச் சொல்லிச் சொந்தக்காரர்களிடம் வாங்கிய பணத்தில் குடும்பம் நடந்தது. பணம் தீர்ந்து, உண்மை வெளிவரும் நிலை வந்தபோது, 1993 ஜனவரியில் மனைவியையும் இரு பிள்ளைகளையும் பெற்ற தாய் தந்தையையும் கொன்றார். 1996இல் ஆயுள் தண்டனை பெற்ற அவர் 2019இல் நிபந்தனையோடு விடுதலையானார்.

அந்த வீட்டில் பிரம்பு இல்லை. ஆனால் கெட்ட செய்தி சொல்லவும் இடமில்லை. ஜெனிஃபர் பயத்தில் மறைத்தார், ரோமான் பெற்றவர்களின் மனம் நோகக் கூடாது என்று மறைத்தார். “உன்னைத்தான் மலை போல நம்பியிருக்கேன், நீ தோத்தா அம்மா உயிரோடவே இருக்க மாட்டேன்” என்று அழுதுகொண்டே சொல்கிற தாய், தான் பிள்ளையை அடித்ததே இல்லை என்று பெருமைப்படலாம். ஆனால் அந்தச் சொல் பிரம்பைவிடக் கனமானது.

பெற்றோர் தொடங்கும் பொய்

மூன்றாவது சம்பவம் ஜப்பானின் ஷிகா மாநிலத்தில். இங்கே பொய்யைத் தொடங்கியவர் மகள் அல்ல. மகள் மருத்துவராக வேண்டும் என்பது தாயின் கனவு. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் மகள் தோற்றதும், அவள் தேர்ச்சி பெற்றுவிட்டதாகத் தாயே உறவினர்களிடம் சொல்லிவிட்டார். மகளும் ஒத்து ஊத வேண்டியதாயிற்று. ஒன்பது ஆண்டுகள் அந்தப் பெண் திரும்பத் திரும்ப நுழைவுத் தேர்வுக்குப் படித்தார். கடைசியில் 2014இல் தாதியர் படிப்பில் சேர்ந்தார். தாயின் மனம் அதிலும் நிறையவில்லை. 2018 ஜனவரியில் அந்த மகள் தாயைக் கொன்றார்.

இந்தச் சம்பவத்தில் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது கொலையை அல்ல, நீதிமன்றத்தில் நடந்ததை. முதல் விசாரணையில் அந்தப் பெண் தான் கொல்லவில்லை என்றே சாதித்தார். பதினைந்து ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. தீர்ப்புச் சொன்ன நீதிபதி அவர் பட்ட வேதனையைப் புரிந்து பேசினார். தனியே வாழ்ந்து வந்த தந்தை, மகளுக்குத் துணை நிற்க முன்வந்தார். அதன் பிறகு மேல்முறையீட்டில் அந்தப் பெண் எல்லாவற்றையும் தானே ஒப்புக்கொண்டார். 2021இல் தண்டனை பத்து ஆண்டாகக் குறைந்தது.

எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்ல முடியாத உண்மை, “நீ என்ன செய்திருந்தாலும் நான் இருக்கிறேன்” என்று ஒருவர் வந்து நின்றதும் வெளியே வந்துவிட்டது. இந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அந்த ஆதரவு பதினாறு வயதில் கிடைத்திருந்தால்?

நம் வீட்டுக் கதை

தேர்வுகள் மாறிவிட்டன. யு.பி.எஸ்.ஆர். 2021இல் அகற்றப்பட்டது, பி.டி.3 தேர்வு 2022இல் அகற்றப்பட்டது. சிங்கப்பூரிலும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் பழைய ‘டி ஸ்கோர்’ முறை 2021இல் மாறிவிட்டது. நம் கேள்வி மாறவில்லை. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் முறுக்குத் தட்டை நீட்டுவதற்கு முன்பே கேட்கிறோம்: “எஸ்.பி.எம்.மில் எத்தனை ஏ?”

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சியில் சொல்லத் துணிவு வரவில்லை.

2007ஆம் ஆண்டு நான் நான்காம் படிவம். அப்பா லோரி ஓட்டுநர். “என் மகள் டாக்டர்” என்று போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கூடுதல் கணிதத்தில் எனக்கு 37 புள்ளி. அப்போது எங்கள் பள்ளியில் பேனாவால்தான் எழுதித் தருவார்கள். மூன்றை எட்டாக்குவது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கே தெரியும். 87 ஆனது. அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று இரவே பெரியப்பாவுக்குப் போன் செய்தார். பிறந்தநாளுக்குத் தருவதாகச் சொன்ன கைக்கடிகாரத்தை மறுநாளே வாங்கி வந்தார். அதைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகும்போது கை எரிந்தது.

அடுத்த தவணையில் 29. இரண்டை எதாகவும் மாற்ற முடியவில்லை. வீட்டை விட்டு எங்காவது போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். நல்ல வேளை, என் அத்தை வீடு பக்கத்தில் இருந்தது. அவரிடம் அழுதேன். அத்தை என்னைத் திட்டவில்லை. “வா, நானும் வர்றேன்” என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து, அப்பாவின் முன்னால் உட்கார வைத்தார்.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை லோரியில் ஏற்றிக்கொண்டு ரொட்டி சானாய் கடைக்குப் போனார். சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டார், “கணக்கு வரலைன்னா போகட்டும். உனக்கு என்னம்மா வரும்?” எனக்குப் பேச வரும் என்றேன். பள்ளியில் சபையோரை ஒருங்கிணைத்து நிகழ்ச்சி நடத்துவது பிடிக்கும் என்றேன். அவருக்கு அது ஒரு வேலை என்றே புரியவில்லை. ஆனாலும் இரண்டு ஆண்டு கழித்துத் தொடர்புத்துறை டிப்ளோமா பாரத்தில் அவர்தான் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கைக்கடிகாரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அத்தை வீடு பக்கத்தில் இல்லாதிருந்தால் நான் எத்தனை புள்ளிகளைத் திருத்தியிருப்பேன் என்று சில நேரம் நினைத்துக் கொள்வேன்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

ஒன்று: தேர்வு முடிவு வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். “என்ன புள்ளி வந்தாலும் அன்றைக்கே காட்டு. புள்ளியைப் பற்றிப் பேசுவோம், உண்மை சொன்னதற்குத் திட்டமாட்டேன்.” முடிவு வந்த பிறகு சொன்னால் பிள்ளை நம்பாது.

இரண்டு: சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள். பிள்ளை முதன்முதலாக ஒரு கெட்ட செய்தியோடு வரும் நாள்தான் உங்களுக்குத் தேர்வு. அன்று நீங்கள் குதித்தால் அடுத்த கெட்ட செய்தி உங்களிடம் வராது.

மூன்று: பிள்ளை இன்னும் வாங்காத பட்டத்தை ஊருக்குச் சொல்லி வைக்காதீர்கள். நீங்கள் சொல்லி வைத்ததைக் காப்பாற்றத்தான் அது பொய் சொல்கிறது.

நான்கு: சில அடையாளங்களைக் கவனியுங்கள். தேர்ச்சி அறிக்கையின் மூலப் படிவம் எப்போதும் வராமல் நகல் மட்டும் வருவது. கல்லூரியிலிருந்து ஒரு கடிதமோ கட்டண ரசீதோ வராதது. நண்பர்கள் யாரையும் வீட்டுக்கு அழைத்து வராதது. பெற்றோர் கலந்து கொள்ளும் நிகழ்ச்சிக்கெல்லாம் ஒரு காரணம் சொல்லித் தடுப்பது. இவற்றைக் கண்டால் பின்னால் போய் ஒளிந்து பார்க்க வேண்டாம். “உனக்கு ஏதோ கஷ்டம் இருக்கு போல. சொல்லு, சேர்ந்து பார்ப்போம்” என்று நேராகக் கேளுங்கள்.

ஐந்து: பொய் வெளிப்பட்ட பிறகு கதவைப் பூட்டினால் மட்டும் போதாது. கோபம் நியாயம்தான். ஆனால் வளர்ந்த பிள்ளையின் கைப்பேசியைப் பறித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். இனி என்ன படிப்பு, என்ன வேலை என்று ஒரு வழியும் கூடவே காட்டுங்கள். குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவர், பள்ளியின் ஆலோசக ஆசிரியரோ மனநல ஆலோசகரோ, நடுவில் இருந்து பேசுவது நல்லது. அடிக்கப் போவதாகவோ தன்னை மாய்த்துக் கொள்ளப் போவதாகவோ யார் பேசினாலும் அதை விளையாட்டாக எடுத்துக் கொள்ளாமல் உடனே உதவி தேடுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. திருத்திய புள்ளியோடு இதை இப்போது படித்துக் கொண்டிருக்கும் தம்பி, தங்கை யாராவது இருக்கலாம். இன்றைக்குச் சொல்வதுதான் மலிவு. அப்பா அம்மாவிடம் நேராகச் சொல்லப் பயமாக இருந்தால் அத்தை, மாமா, சித்தி, ஆசிரியர், யாராவது ஒரு பெரியவரிடம் முதலில் சொல்லுங்கள். அவரைக் கூட அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். யாருமே இல்லை என்று தோன்றினால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-76272929 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைக்கலாம். தாலியான் காசே 15999 எண்ணும் இருக்கிறது. இரண்டு நாள் வீட்டில் பேச்சு இருக்காது. மூன்றாம் நாள் விடியும்.

அந்தத் தாய்க்கு

பின்வரிசையில் எழுந்து நின்று கேட்ட அம்மாவுக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

கண்டியுங்கள் அம்மா. பாடத்தை வைத்துவிட்டு இரவு முழுவதும் போனில் விளையாடினால் கண்டியுங்கள். முயற்சி செய்யாமல் இருந்தால் கண்டியுங்கள். முயன்றும் வராத புள்ளிக்குக் கண்டிக்காதீர்கள். வராததை வரவில்லை என்று வந்து சொன்னதற்கு ஒருபோதும் கண்டிக்காதீர்கள். நல்ல செய்தியை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். கெட்ட செய்தியைச் சொல்வதற்குத்தான் பிள்ளைக்கு வீடு வேண்டும்.

இன்று மாலை பிள்ளை பள்ளியிலிருந்தோ டியூஷனிலிருந்தோ வந்ததும், புள்ளியைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “இன்னைக்கு உனக்கு எது கஷ்டமா இருந்துச்சு?” பதில் உடனே வராமல் போகலாம். நாளைக்கும் கேளுங்கள். வருகிற பதிலை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். பெயர் போடாமல் அடுத்த நிகழ்ச்சியில் பேசுவோம்.